பின்கட்டில் ஒரு தம்பதி

என் மகள் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். மறுபடியும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது, இந்தத் தடவை வீட்டில் இருந்தபடியே போனில் பதிந்துவிடலாம் என்று சொல்லி, சாப்பாட்டு நேரத்தில் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். சுவர் எதனால் கட்டியது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை உண்டா, அடுப்பு எது. என் மனைவி சோற்றைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். "இந்த வீட்டில் வசிக்கும் திருமணமான தம்பதிகள் எத்தனை?" என்று மகள் கேட்டபோது மட்டும் நான் முந்திக்கொண்டு "ஒண்ணு" என்றேன். சொன்ன பிறகு அது என் குரல் மாதிரியே இல்லை. அந்தக் கேள்விக்கு அந்த ஒரே சொல்லை, அப்படி வெட்டிப் போட்டது போல் சொன்ன ஒருத்தியை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தாள்.

பெயர் வேண்டாம். விருத்தாசலம் பெரிய ஊர் மாதிரித் தெரியும், ஆனால் ஒரு பெயரைச் சொன்னால் நாலாவது ஆள் "ஓ, அந்தம்மாவா" என்று ஆரம்பித்துவிடுவான். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அப்படியே இருக்கட்டும்.

அக்காவுக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை. சூளை பிரித்ததும் சாமான் வெளியே வரும். ஃப்யூஸ் கட்டைகள், ஊறுகாய் ஜாடிகள், கார்த்திகைக்கு முன்னால் என்றால் அகல் விளக்குகள். அவற்றின் முன்னால் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சின்ன இரும்புக் கம்பியால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பாள். நல்ல சாமான் கணீரென்று பேசும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும். செத்ததைத் தூக்கி இந்தப் பக்கம் போடுவாள், பேசியதை அந்தப் பக்கம். நாள் முழுக்க இதுதான்.

அந்தக் கை சும்மா இருக்காது. டீக்கடையில் கிளாஸ் வந்தால் நகத்தால் ஒரு தட்டு. எங்கள் அம்மா சந்தையிலிருந்து சட்டி வாங்கி வந்தால் அதற்கு ஒரு தட்டு. "வெரிசல் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். வாங்கி வந்தவர்களின் முகம் எப்படிப் போகிறது என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். சீசன் நேரத்தில் முதலாளி, "ரெண்டாந்தரத்தையும் கொஞ்சம் சேத்து வுடும்மா" என்று சொல்லிப் பார்த்தாராம். "சேத்துக்கங்க, நான் வேணான்னு சொல்லல. ஆனா கேட்டா வெரிசல்னு சொல்லிடுவேன்" என்றாளாம். வாங்க வருகிறவர்கள் இருக்கும்போது அவளைக் குடோனுக்கு அனுப்பிவிடுவது அங்கே வழக்கம்.

அவளுக்குப் பொய் வராது. இதை நல்ல குணம் என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் பக்கத்து வீட்டில் வைத்துப் பார்த்தால்தான் அதன் தொல்லை தெரியும். என் தங்கையைப் பெண் பார்க்க நெய்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் கொல்லைப்பக்கம் கைகழுவப் போன இடத்தில் அக்காவைப் பார்த்து, "பொண்ணுக்குக் கோவம் வருமாம்மா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கிறார்.

"வரும்."

"சமையலெல்லாம் தெரியுமில்ல?"

"தெரியாது."

இதைக் கேட்டுக்கொண்டு பின்கட்டு அடுப்படியிலிருந்து ஓடி வந்தவள், அக்காவோடு குடியிருந்த மலர்க்கொடி. "இவுங்க சொல்றது என்னான்னா, அவுங்க அம்மா பொண்ண அடுப்பாண்ட வுடவே மாட்டாங்க. அவ்ளோ செல்லம். கோவமும் அந்தச் செல்லத்துல வர்றதுதான், ஒரு நிமிசத்துல அடங்கிப் பூடும்" என்றாள். மாப்பிள்ளையின் தாயார் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். நிக்காஹ் நடந்தது. என் அம்மா அக்காவோடு ஒரு மாதம் பேசவில்லை. மலருக்கு மட்டும் பிரியாணி போனது, அதை இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள்.

மலருக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, வைக்கோல் வைத்துச் சாமான் கட்டுகிற பகுதியில். ஊர் கருவேப்பிலங்குறிச்சி. உடையாமல் கட்டத் தெரிந்தவள், பேச்சையும் அப்படித்தான் கட்டுவாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் செவ்வாய் தோஷம், கட்டிக்கிறவன் ஆறு மாசம் தாங்க மாட்டான் என்று ஏதோ ஒரு ஜோசியர் சொன்னதாகத் தானே சொல்லி, அண்ணனை நம்ப வைத்து, வந்த வரன்களை எல்லாம் ஓட விட்டிருக்கிறாள். அந்த ஜோசியரே கிடையாது என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பின்கட்டை வாடகைக்குக் கேட்டு வந்த அன்றே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். அக்காவின் அப்பாவுக்குப் பக்கவாதம். அவரை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். "ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியாம்மா?" என்று என் அத்தா கேட்டார்.

"ஆமா பாய்" என்றாள் மலர். "இல்ல" என்றாள் அக்கா. இரண்டும் ஒன்றாக வந்தன.

அத்தா ஒருத்தி முகத்தை மாற்றி ஒருத்தி முகத்தைப் பார்த்தார். மலர் கொஞ்சமும் அசரவில்லை. "பெரியம்மா பொண்ணு பாய். அவ சொந்த அக்கான்னாத்தான் அக்கான்னு ஒத்துக்குவா." அத்தா சாவியைக் கொடுத்துவிட்டார். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் அவர். எந்தக் கேள்வியை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

தெரியாத மாதிரி இருப்பதற்கு எங்கள் ஊரில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருவில் எல்லாருக்கும் ஏதோ தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அக்கா வேலை முடிந்து வந்ததும் மலரின் தலையை மடியில் வைத்துச் சிக்கெடுத்து, வைக்கோல் தூசியை ஊதி ஊதி எடுப்பாள். மலர் பெரியவருக்குச் சோற்றைக் குழைத்து ஊட்டுவாள். பெரியவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும், பேச்சு கிடையாது. பெற்ற மகள் ஊட்டினால் பாதி வழியும். மலர் ஊட்டினால் பருக்கை கீழே விழாது. ஒரு நாள் என் அம்மா சும்மா இருக்க மாட்டாமல், "வயசு போவுதே, ஒரு கல்யாணம் பண்ணிக்கலாமில்ல?" என்று அக்காவிடம் கேட்டார்.

"பண்ணிக்கிட்டேனே" என்றாள் அக்கா.

"கம்பெனியக் கட்டிக்கிட்டாம்மா இவ" என்று மலர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். அம்மா சிரித்துவிட்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

போன தடவைக் கணக்கெடுப்பு வந்தது அப்படி இருக்கும்போதுதான். முதலில் வீட்டுக் கணக்கு. பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், தோளில் பை, கையில் அட்டை, வெயிலில் வாடிப் போய் வந்தார். முன்கட்டை முடித்துவிட்டுப் பின்கட்டுக்கு நான்தான் கூட்டிப் போனேன். மலர் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் அந்த டீச்சருக்கு ஒரு முழுக் குடும்பத்தையே கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பாள். அக்காதான் இருந்தாள். கட்டிலில் பெரியவர்.

குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார். அப்பா என்றாள். எத்தனை பேர் என்று கேட்டார். "மூணு. அப்பா, நானு, மலரு."

"கல்யாணம் ஆன தம்பதி எத்தனைம்மா, இந்த வூட்டுல?"

"ஒண்ணு."

டீச்சர் எழுதப் போனவர் கையை நிறுத்திப் பெரியவரைப் பார்த்தார். கொடியில் காய்ந்த இரண்டு பெண்களின் புடவைகளைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மகள் இங்கே நிற்கிறாள், புருஷன் என்று யாரும் இல்லை. மிச்சம் இருப்பது கட்டிலில் கிடக்கிற பெரியவரும், வெளியே போயிருக்கிற அந்த இன்னொருத்தியும். டீச்சர் முகத்தில் கணக்கு விடை வந்தது தெரிந்தது. ஒன்று என்று எழுதிக்கொண்டார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அக்காவும் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்கிறவள் இல்லை.

திரும்பும்போது டீச்சர் என் அம்மாவிடம் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே, "பெரியவருக்கு இந்த நெலமையில ரெண்டாந்தாரமா? பாவம், அந்தப் பொண்ணு நல்லாப் பாத்துக்குது போல" என்றார். நல்ல மனுஷி, பரிதாபத்தோடுதான் சொன்னார். அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதை மீன்காரியிடம் சொல்லிச் சிரித்தார். மீன்காரி கருவேப்பிலங்குறிச்சி வரைக்கும் கூடை தூக்குகிறவள். அங்கே போய்ச் சேர்ந்தபோது அதில் சிரிப்பு இல்லை. உன் தங்கச்சி ஒரு முடக்குக் கிழவனுக்கு வைப்பாட்டியாக இருக்கிறாள், சர்க்கார் கணக்கிலேயே ஏறிவிட்டது என்று மலரின் அண்ணன் காதில் விழுந்திருக்கிறது.

அண்ணன் ஒரு மத்தியானம் மோட்டார் சைக்கிளில் வந்தார். கூட ஒருவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். அண்ணன் முரடர் மாதிரி இல்லை. மல்லாட்டைக் கொல்லையில் கடலைக்குக் களை பிடுங்கியபடியே எழுந்து வந்தவர் போல் கணுக்கால் வரை செம்மண். "எந்தக் கெழவன்யா அது?" என்று கேட்டார். கோபத்தைவிட அவமானம்தான் குரலில் அதிகம். மலர் ஒரு சொம்பில் தண்ணீரோடு வெளியே வந்தாள்.

"வாண்ணே. யாரு என்னா சொன்னாங்க ஒங்கிட்ட? பெரியவருக்குக் கை கால் வராது, பாத்துக்க ஆளு வேணும்னாங்க. கம்பெனி வேல முடிஞ்சி வந்து பாத்துக்கறேன். அதுக்குச் சம்பளம் தராங்க. தங்கற எடமும் ஆச்சி. நீயே உள்ள வந்து பாரு, அவரு எழுந்து ஒக்காருவாரான்னு." திரும்பி, "சொல்லுக்கா, அண்ணங்கிட்ட" என்றாள்.

அக்கா நிலைப்படியில் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அவளால் முடிந்த பெரிய உதவி அதுதான் என்று எனக்குப் புரிந்தது. அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன், அந்தம்மா பேசாதா?"

"அவுங்க அப்படித்தாண்ணே. அதிகம் பேச மாட்டாங்க."

அவர் உள்ளே போய்ப் பெரியவரைப் பார்த்தார். வெளியே வந்து தண்ணீரைக் குடித்தார். "பொங்கலுக்கு வூட்டுக்கு வா" என்று மலரிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆளை நான் அன்றைக்கு வெறுத்தேன் என்று சொன்னால் பொய். நல்லவேளை, போய்விட்டார் என்று மட்டும் இருந்தது.

அவர் தெரு திரும்பியதும் பின்கட்டில் சண்டை. சுவர் ஒன்றுதான், எல்லாம் கேட்கும்.

"எங்கிட்டயா நீ சம்பளம் வாங்கற?" என்றாள் அக்கா.

"பின்ன என்னா சொல்லணும்ங்கற? பழமலநாதர் கோயிலு பிரகாரத்துல மால மாத்திக்கிட்டோம்னு சொல்லட்டுமா? வெட்டிப் போட்டுட்டுப் போயிடுவான்."

"நான் சொல்லச் சொல்லல. வேலக்காரின்னு ஏன் சொன்ன?"

"ஒரே ஒரு பொய்யி. சொன்னா ஒன் நாக்கு அழுவியா பூடும்? என்னிக்காவது ஒரு நாளு எனக்காவச் சொல்லத்தான் போற, பாத்துக்க."

அடுத்து அண்ணன் குடித்த சொம்பைத் துலக்குகிற சத்தம் கேட்டது. துலக்கி முடித்து ஒரு தட்டுத் தட்டியதும் கேட்டது.

ஐப்பசி அடைமழையில் மலருக்குக் காய்ச்சல் கண்டது. பேப்பரில் மர்மக் காய்ச்சல் என்று போடுவார்களே, அது. இங்கே ஊசி போட்டார்கள், இறங்கவில்லை. கண் செருக ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். கடைக்குச் சரக்கு எடுத்துவரும் வேனில் நான்தான் கூட்டிப் போனேன். அக்கா பின்னால் மலரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சிக்கெடுக்கிற மாதிரியே விரல் முடிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அத்தா, கூடப்பிறந்தவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது முறையில்லை என்று கருவேப்பிலங்குறிச்சிக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். அவர் வாழ்நாளில் செய்த தவறான காரியங்கள் குறைவு. இது அதில் ஒன்று. ஆனால் அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மறுநாள் காலை மலர் இறந்துவிட்டாள்.

நர்ஸ் வெளியே வந்து, உடலை வாங்கிக்கொள்ளச் சொந்தக்காரர் யார் என்று கேட்டார். அந்தத் தாழ்வாரத்தில் நாங்கள் மட்டும்தான் நின்றிருந்தோம் என்று நினைத்தேன்.

"நீங்க யாரும்மா அவுங்களுக்கு?"

நான் அக்கா முகத்தைப் பார்த்தேன், எனக்குப் பயமாக இருந்தது. அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள், இவர்கள் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான் முடிந்தது என்று நினைத்தேன்.

"அக்கா" என்றாள். பிறகு இன்னும் கெட்டியாக, "கூடப் பொறந்த அக்கா."

எங்களுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். அண்ணன் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். அழுதிருந்தார்.

"எனக்கு ஒரே தங்கச்சிங்க" என்று நர்ஸிடம் சொன்னார். "அக்கான்னு யாரும் கெடையாது."

நர்ஸ் அக்காவைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பொய் சொல்லிப் பிணத்தை வாங்க வந்தவளை எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. தன் ஆயுசுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு பொய் சொன்னவள் அவள். அதுவும் பிடிபட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு அவள் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அங்கே யார் கேட்டிருப்பார்கள்? அண்ணன் கையெழுத்துப் போட்டார். அவருடைய ஆட்கள் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

"நானும் வரேன்" என்றாள் அக்கா.

"எடம் இல்லம்மா" என்றார் அவர். திட்டவில்லை, தள்ளவில்லை. வண்டியில் இடம் இருந்தது, எனக்குக் கண் இருக்கிறது.

வேனில் திரும்பி வரும்போது அக்கா முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். ஊர் வரப்போகிற நேரத்தில், "பழக்கமில்ல தம்பி" என்றாள். என்ன என்று கேட்டேன். "சொல்லிப் பழக்கமில்ல. மலரு சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க." நான் மணிமுத்தாற்றுப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதேன். அவள் அழுததை நான் பார்க்கவில்லை.

மலரைக் கல்யாணமாகாத பெண் என்று எரிக்காமல், மல்லாட்டைக் கொல்லையின் ஓரத்தில் புதைத்தார்கள் என்று மீன்காரி வந்து சொன்னாள். அக்கா நெற்றியில் எப்போதும் பெரிய குங்குமப் பொட்டு இருக்கும். அதற்குப் பிறகு இல்லை. தலையில் பூ இல்லை. யாரும் வந்து துக்கம் கேட்கவில்லை, அவளுக்கு யார் செத்ததாகச் சொல்லிக் கேட்பதென்று யாருக்கும் தெரியவில்லை. என் அம்மா மட்டும் தினமும் காலையில் போய் ஒன்றும் பேசாமல் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். பெரியவர் வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டார். அக்கா கிண்ணத்தோடு கிட்டே போனால் தலையைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொள்வார். மலர் அந்தக் கதவு வழியாகத்தான் வருவாள்.

மாசி பிறக்கிற சமயம் கணக்கெடுப்பு டீச்சர் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஆள் கணக்கு. அதே டீச்சர்தான். பின்கட்டுக்கு நானும் போனேன். எத்தனை பேர் என்று கேட்டார்.

"ரெண்டு."

டீச்சர் நிமிர்ந்தார். "அவுங்க?"

"செத்துப் பூட்டா."

டீச்சர் நாக்கைச் சப்புக்கொட்டினார். கட்டிலைப் பார்த்து, "ஐயோ, பெரியவருக்கு இந்தக் கஷ்டமும் வரணுமா" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் பெயருக்கு நேரே மனைவியை இழந்தவர் என்று குறித்தார். அக்காவின் அம்மா செத்து வெகு காலம் ஆகிறது, அதனால் அதுவும் தப்பில்லை. அடுத்து அக்காவிடம் திரும்பினார்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆச்சாம்மா?"

"ஆச்சி."

"வூட்டுக்காரரு?"

அக்கா கதவுப் பக்கம் பார்த்தாள். டீச்சர் அவள் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். மெதுவாகத் தலையாட்டிவிட்டு விதவை என்பதற்கு நேரே குறியைப் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு தடவையும் அந்த டீச்சர் தப்பாகத்தான் புரிந்துகொண்டார், இரண்டு தடவையும் சரியாகத்தான் எழுதினார். அவர் போன பிறகு அக்கா கேட்டாள், "என்னா தம்பி எழுதினாங்க?" சொன்னேன். "சரிதான்" என்றாள். மலர் போன பிறகு அவள் முகம் கொஞ்சம் தெளிந்து நான் பார்த்தது அந்த ஒரு நிமிடம்தான்.

வெளிநாடுகளில் இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்களையும் எண்ணுகிறார்களாம். என் மகள் சொல்கிறாள். எண்ணிப் பார்த்தபோது பட்டணத்தில் மட்டும் அல்ல, சின்ன ஊர்களிலும் இருக்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள், வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததாம். பெரிய கண்டுபிடிப்பு மாதிரிச் சொன்னாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் பின்கட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பாடு நேரத்தில் நின்றிருந்தால் இதைப் பார்த்திருக்கலாம். இங்கேயும் புத்தகம் புத்தகமாக அந்தக் கணக்கை அச்சடித்திருப்பார்கள். அதில் எங்கோ ஒரு மூட்டையில் அக்கா சொன்ன அந்த ஒன்று கிடக்கிறது, வேறு யாருடைய பெயரிலோ.

பெரியவர் வைகாசியில் போய்ச் சேர்ந்தார். ஆடியில் ஒரு நாள் அக்கா கடைக்கு வந்தாள். அப்போது கல்லாவில் நான் உட்கார ஆரம்பித்திருந்தேன். கம்பெனிக்குக் கட்டிப் போக ஒரு சாதாச் சேலை கேட்டாள். நான் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் உள்ளே வந்தார். அவளை முதலில் கவனிக்கவில்லை.

"பத்து வயசுப் புள்ளைக்கு ஒரு பாவாட சட்ட காட்டுங்க பாய். சாமிக்கு."

ஆடியில் எங்கள் கடையில் இது வழக்கம்தான். கல்யாணமாகாமல் செத்த பெண்ணைக் கன்னியாக வைத்துக் கும்பிடுகிறவர்கள் வருஷா வருஷம் ஒரு சிறுமிப் பாவாடை வாங்கி வைத்துப் படைப்பார்கள். செத்தவளுக்கு என்ன வயதானாலும் பாவாடைதான். பிறகு அதை வீட்டில் ஒரு பெண் பிள்ளைக்கு உடுத்திவிடுவார்கள். நான் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன், ஒரு நாளும் கை கூசியதில்லை. அன்றைக்குக் கூசியது. நாற்பது வயதுப் பெண் மலர். மாலை மாற்றிக்கொண்டு, சோறு ஆக்கி, மாமனாருக்கு ஊட்டி, குடும்பம் நடத்தியவள். அவளைப் பத்து வயதுப் பிள்ளையாக்கி சாமி என்று நட்ட ஒரு செங்கல்லில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அண்ணன் மஞ்சளில் ஒன்றைக் கையில் எடுத்தார். சிவப்புக் கரை போட்ட மஞ்சள் பாவாடை, சாமிக்கு எல்லாரும் எடுப்பதுதான்.

"அவளுக்கு மஞ்சக் கலரு புடிக்காது" என்றாள் அக்கா.

அவர் திரும்பிப் பார்த்தார். கை பாவாடையிலேயே இருந்தது. அவர் ஏதாவது கத்துவார் என்று நான் கல்லாவைவிட்டு எழுந்தேன். கத்தவில்லை. என் பக்கம் திரும்பி, "இதையே கட்டுங்க" என்றார். கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அவள் பக்கம் பார்க்காமல் படியிறங்கினார். அக்கா தன் சேலையை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டாள்.

அந்த மாதக் கடைசியில் பின்கட்டுச் சாவியை அம்மாவிடம் கொடுத்தாள். கையில் ஒரு பை, மலரின் தகரப் பெட்டி. "எங்கக்கா போறீங்க?" என்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் திருப்பூர் என்றோ மெட்ராஸ் என்றோ ஏதாவது சொல்லியிருப்பார்கள். "தெரியல தம்பி" என்றாள். ஜங்ஷன் பக்கம் நடந்து போனாள். எந்த ரயிலில் ஏறினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த ஆடிக்கு அண்ணன் மறுபடி கடைக்கு வந்தார். ஒரு வருஷத்தில் ஆள் இளைத்திருந்தார். நான் வழக்கப்படி மஞ்சளை எடுத்து மேஜைமேல் போட்டேன்.

"மஞ்ச வேணாம் பாய்" என்றார். "வேற கலரு காட்டுங்க."

பச்சை, நீலம், அரக்கு, வெங்காயத் தோல் நிறம் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றை எடுப்பார், வைப்பார். வெகு நேரம் ஆயிற்று. பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"எது புடிக்கும்னு எனக்குத் தெரியலிங்க" என்றார் கடைசியில். "அந்தம்மா எங்க இருக்குது? கேட்டாச் சொல்லும்."

எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். அவர் பிரித்துப் போட்ட துணிகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, எதையும் எடுக்காமல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனார்.